குடியிருந்த இடங்களின் பெயர்களைப் படிப்பது எப்படி: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

"எந்த ஏரியா நீங்க?" என்று கேட்டால் வடசென்னையில் வளர்ந்த யாருக்கும் ஒரே பதில் இருக்காது. கிண்டியில் இன்டர்வியூ என்றால் "பெரம்பூர்". ஆட்டோக்காரரிடம் "ஜமாலியா". பக்கத்துத் தெருக்காரர் கேட்டால் "மாவு மெஷினுக்கு எதிர் சந்து". வீடு ஒன்றுதான், ஆளும் ஒருவர்தான். யாரிடம் எந்தப் பெயரைச் சொன்னோம், எதைச் சொல்லத் தயங்கினோம் என்பதில்தான் அந்த இடம் நமக்கு என்னவாக இருந்தது என்பது தெரியும். குடியிருந்த வீடுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, முறையாகப் படித்து, எழுதிவைக்கும் வழி இது.

ஆரம்பத்திலேயே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பெயருக்கு இரண்டு கணக்கு உண்டு. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது ஒரு கணக்கு. அது உங்களுக்கு என்ன பொருள் தருகிறது என்பது இன்னொன்று. இரண்டையும் எழுத வேண்டும், ஆனால் ஒன்றின் வரவை மற்றதில் ஏற்றக்கூடாது. இந்த வேலையில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை இந்தக் கலப்பால் வருபவைதான்.

தேவையானவை: 100 பக்க நோட்டு ஒன்று, நீலம், சிவப்பு என்று இரண்டு பேனா, ஒலிப்பதிவு செய்யும் போன். ஐந்து வீடுகள் மாறியவருக்கு ஐந்து அல்லது ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் பிடிக்கும். ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் முதல் வீட்டுக்கு நான்கு பக்கமும் கடைசி வீட்டுக்கு நான்கு வரியும்தான் வரும்.

பீரோவில் இருந்து தொடங்குங்கள்

நினைவை நம்பிப் பட்டியல் போடாதீர்கள். காகிதத்தை எடுங்கள். பழைய ரேஷன் கார்டு, பள்ளி டி.சி., கேஸ் புத்தகம், எல்.ஐ.சி. பாலிசி, சொந்தக்காரர் கல்யாணப் பத்திரிகை வந்த உறை, மணியார்டர் துண்டு என்று முகவரி உள்ள எல்லாவற்றையும் தரையில் பரப்பி, வருட வாரியாக அடுக்குங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நோட்டில் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டை ஒதுக்குங்கள். இடப்பக்கம் பெயரின் கணக்கு, வலப்பக்கம் உங்கள் கணக்கு.

முகவரியை அச்சில் உள்ளபடியே, எழுத்துப்பிழையோடு, இடப்பக்கத்தின் தலையில் எழுதுங்கள். கதவு எண்ணில் பழையது, புதியது இரண்டும் வேண்டும். நகரமே பழைய எண், புதிய எண் என்று இரட்டை எண்ணில் வாழ்கிறது. ஒன்றை மட்டும் எழுதினால், பின்னால் தெருவில் போய் நிற்கும்போது வேறு வீட்டு வாசலில் நிற்பீர்கள்.

திருவொற்றியூர்க்காரர்கள் மாவட்டத்தையும் பாருங்கள். 1997-க்கு முந்தைய காகிதத்தில் செங்கல்பட்டு மாவட்டப் பெயர் இருக்கும். பிறகு திருவள்ளூர் மாவட்டம். 2011-இல் நகராட்சி போய்ச் சென்னை மாநகராட்சியின் முதலாம் மண்டலம் ஆனது. 2018-இல்தான் வருவாய்க் கணக்கிலும் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. வீடு ஓர் அங்குலம் நகரவில்லை, மாவட்டம் மட்டும் மூன்றாகிவிட்டது. "மெட்ராசுக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு திருவொற்றியூரில் இருந்து பஸ் ஏறிய பெரியவர்கள் தப்பாகச் சொல்லவில்லை என்பது இந்த வரிசையைப் போட்டால்தான் புரியும்.

அடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு அடுக்கில் பெயர் எழுதுங்கள். பேட்டையின் பெயர், தெருவின் பெயர், வீட்டின் பெயர், அடையாளத்தின் பெயர். வீட்டின் பெயர் என்றால் கேட்டில் பொறித்த பெயர் மட்டுமல்ல. பத்துக் குடித்தனம் இருந்த ஸ்டோர் வீட்டுக்கு "கிணத்து வீடு", "ரெட்டைத் திண்ணை வீடு" என்று அக்கம்பக்கம் வைத்த பெயர் இருக்கும். அடையாளம் என்பது பஸ் ஸ்டாப், குழாயடி, மண்ணெண்ணெய்க் கடை. நான்கில் எந்த அடுக்கு உடனே வருகிறது, எதற்கு யோசிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். வாழ்ந்த காலம் முழுவதும் அடையாளத்தின் பெயரை மட்டுமே சொல்லி வாழ்ந்த வீடுகள் உண்டு. அவற்றுக்குத் தெருப்பெயரைத் தேடி நேரம் கழிக்க வேண்டாம்.

வாயில் இருந்தபடி எழுதுங்கள்

அச்சில் இருப்பது தண்டையார்பேட்டை, வாயில் இருப்பது தண்டியார்பேட்ட. திருவொற்றியூர் பலர் வாயில் திருவத்தியூர். வண்ணாரப்பேட்டை, பேசுகிறவர் வயதையும் இடத்தையும் பொறுத்து வண்ணார்பேட்டையாகவோ வாஷர்மென்பேட்டாகவோ மாறும். நீங்கள் வாழ்ந்தது அச்சுப்பெயரில் அல்ல, வாய்ப்பெயரில். அதையும் எழுதுங்கள்.

வீட்டுப் பெரியவர் யாரையாவது உட்காரவைத்து 20 நிமிடம் பதிவு செய்யுங்கள். "அந்த ஊருக்குப் பேர் எப்படி வந்துச்சு?" என்று ஆரம்பித்தால் தெரியாது என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். "ரேஷன் வாங்க எந்தப் பக்கமா போவீங்க பெரிம்மா?" என்று வழி கேளுங்கள். வழி சொல்லும்போது பெயர்கள் தாமாக விழும். அவர் உச்சரிப்பைத் திருத்தாதீர்கள். ஒருமுறை திருத்தினால் அடுத்த பெயரில் இருந்து அவர் பலகையில் உள்ளபடி பேச ஆரம்பித்துவிடுவார், பதிவு வீண்.

முதலெழுத்துகளை விரிப்பதும் இந்தக் கட்டத்தில்தான். வடசென்னை முதலெழுத்துகளாலேயே ஆன ஊர். டி.எச். ரோடு திருவொற்றியூர் நெடுஞ்சாலை. ராயபுரம் எம்.எஸ். கோயில் தெரு மன்னார்சாமி கோயில் தெரு. எம்.கே.பி. நகர் மகாகவி பாரதி நகர். ஆர்.கே. நகர் ராதாகிருஷ்ணன் நகர். ஜி.ஏ. ரோடு கொல்லவார் அக்ரகாரம் சாலை. இருபது வருடம் ஒரு தெருவில் இருந்தவருக்குக்கூட விரிவு தெரியாமல் இருக்கும். தெரிந்தபின் அந்தப் பெயர் உங்களுக்கு மாறுகிறதா என்று பாருங்கள். மாறாவிட்டால் "மாறவில்லை" என்றே எழுதுங்கள். எம்.கே.பி. நகர் என்ற ஒலியோடு பதினைந்து வயது வரை வளர்ந்தவருக்குப் பாரதி பின்னால் வந்து சேர்ந்தவர்தான்.

பெயரின் கணக்கு: பிரித்துப் பாருங்கள், பிறகு சோதியுங்கள்

பெயரைப் பின்னால் இருந்து பிரிப்பது எளிது. பேட்டை என்றால் சந்தையும் தொழிலும் கூடிய புறநகர். குப்பம் மீனவர் ஊர். பாக்கம் கடலோர ஊர்களில் நிறைய வரும். கவுனி நகரவாயில், கொத்தளம் கோட்டை மதிலின் காவல் மேடை. முன்பகுதியில் மரம் செடி இருந்தால் பெரும்பாலும் நிலமே பேசுகிறது: எருக்கஞ்சேரியில் எருக்கு, தாழங்குப்பத்தில் தாழை, புளியந்தோப்பில் புளி.

சில பெயர்கள் தனியாகப் பேசாது. யானைக்கவுனி, மூலக்கொத்தளம், வால்டாக்ஸ் ரோடு மூன்றையும் சேர்த்து வையுங்கள். 1758 டிசம்பரில் தொடங்கிச் சில வாரங்கள் பிரெஞ்சுப் படை செயின்ட் ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டது. அதற்குப் பிறகு, இன்று ஜார்ஜ் டவுன் எனப்படும் நகரைச் சுற்றி மதில் எழுந்தது. யானைக்கவுனி அந்த மதிலின் வாயில், மூலக்கொத்தளம் அதன் கொத்தளத்தை நினைவில் வைத்திருக்கிறது, வால்டாக்ஸ் மதிலுக்காக விதிக்க நினைத்த வரி. மதிலில் மிஞ்சிய துண்டை பழைய ஜெயில் ரோட்டில் மாடிப்பூங்காவில் இன்றும் பார்க்கலாம். மதில் போய்விட்டது, அதன் ஓட்டத்தைப் பெயர்கள் காட்டுகின்றன. உங்கள் வீடு அந்த மதிலுக்கு உள்ளேயா வெளியேயா என்று வரைபடத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள்.

இப்போது சோதனை. ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்லாதவர் இல்லை, அதனால் ஒவ்வொரு விளக்கத்தையும் ஆண்டை வைத்து உரசிப் பார்க்க வேண்டும். தண்டையார்பேட்டையை எடுத்துக்கொள்வோம். தொண்டிப் பக்கத்தில் இருந்து வந்த சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபை மக்கள் தொண்டியார் என்று அழைத்தார்கள், அதனால் தொண்டியார்பேட்டை, அது தண்டையார்பேட்டை ஆனது என்பது எல்லோரும் சொல்லும் விளக்கம். அவர் மறைந்தது 1838-இல், பிறந்தது 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ஆனால் எழும்பூர், புரசைவாக்கத்தோடு தண்டையார்பேட்டையும் கிழக்கிந்தியக் கும்பெனி வசம் வந்தது 1693-இல். ஞானி பிறப்பதற்குக் கிட்டத்தட்ட நூறு வருடம் முன்பே ஊர் கணக்கில் ஏறிவிட்டது. ஆக, பெயர் அவரால் பிறந்திருக்க முடியாது.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். விளக்கம் தப்பு என்று தெரிந்ததும் அதை அடித்துவிடுகிறார்கள். அடிக்காதீர்கள். இடப்பக்கத்தில் 1693 இருக்கட்டும். ஒரு ஊரே தன் பெயரை ஒரு ஞானிக்குக் கொடுத்துவைத்து, சாதி மதம் பார்க்காமல் அதைப் பேரன் பேத்திக்குச் சொல்லிவந்தது என்பது வலப்பக்கத்துக்குச் சொந்தம். உங்கள் ஆயா அந்த ஞானியின் தர்காவைக் கடக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டவர் என்றால், அந்த விளக்கம் உங்கள் வீட்டில் உண்மையாக வேலை செய்திருக்கிறது.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு பெயர் காலடிப்பேட்டை. கேட்டவுடன் யாரோ ஒரு மகானின் காலடி என்றுதான் மனம் போகும். 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்கு அமைத்த குடியிருப்பு அது. காலெட்பேட்டையைத் தமிழ் வாய் காலடிப்பேட்டை ஆக்கிக்கொண்டது. ஆங்கிலேயர் பெயர் என்று தெரிந்தால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. இருக்க வேண்டியதில்லை. ஆளுநரைக் கரைத்துக் காலடியாக்கியது அங்கே வாழ்ந்த மக்களின் நாக்கு.

இரண்டு விளக்கமும் நிற்கும் பெயர்களும் உண்டு. திருவொற்றியூர் கடலை ஒற்றி, அதாவது ஒதுங்கச் செய்த தலம் என்று கோயில் மரபு சொல்கிறது. ஒற்றி என்றால் அடமானம் என்பதும் தமிழில் உறுதி. வாழ்க்கை முழுக்க ஒத்திக்கு வீடு எடுத்துக் குடியிருந்த குடும்பங்களுக்கு இரண்டாவது பொருள் சும்மா தோன்றாது. அதை வரலாறாக எழுதாமல், உங்கள் பக்கத்தில் உங்கள் பொருளாக எழுதுங்கள்.

நடந்து பாருங்கள்

ஞாயிறு காலை 6 மணிக்குக் கிளம்பி 8 மணிக்குள் முடியுங்கள். அதற்குப்பின் கடைப்பலகைகளை மறைத்துக்கொண்டு வண்டிகள் நிற்கும், விசாரிக்கவும் யாருக்கும் நேரம் இருக்காது. மாநகராட்சிப் பலகையைவிடக் கடைப்பலகையின் கீழ் உள்ள முகவரியும் கோயில் உபயக் கல்லும் பழைய பெயரைப் பத்திரமாக வைத்திருக்கும். பலகைகளில் சாதிப்பெயர்கள் நீக்கப்பட்டதால் சில தெருக்கள் பாதிப் பெயரோடு நிற்கின்றன. மீதியைத் தருவது அந்தக் கல்தான். மெட்ரோ நிலையப் பெயர்களையும் பாருங்கள். விம்கோ நகர் வரை வழி நீண்டபின், விம்கோ என்ற தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரும், கேட் இல்லாத டோல்கேட்டும், தேரடியும் ஸ்டேஷன் பெயர்களாக நிலைத்துவிட்டன.

பழைய வீட்டு வாசலில் நின்று படம் எடுக்கும் முன் இப்போது குடியிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "இங்கதாங்க முன்னாடி குடியிருந்தோம்" என்றால் போதும், பெரும்பாலும் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுப்பார்கள்.

வலப்பக்கத்தை எழுதும் முறை

ஒரு பெயருக்கு ஆறு வரி. அதற்கு மேல் வேண்டாம். யார் வாயில் இந்தப் பெயரை முதலில் கேட்டேன். யாரிடம் இதைச் சொன்னேன், யாரிடம் மறைத்தேன். இந்தப் பெயரைச் சொன்னால் எந்தச் சத்தம் அல்லது வாசனை வருகிறது. அங்கே நடந்த ஒரு சின்னச் செயல். அங்கிருந்து எப்போது, ஏன் கிளம்பினோம். ஆறாவதாக, கடைசி வரியில், இந்தப் பெயர் எனக்கு என்ன பொருள்.

மாதிரிக்கு டோல்கேட்டை வைத்துக்கொள்வோம். "டோல்கேட் என் வாழ்க்கையின் நுழைவாயில்" என்று எழுதினால் அது எந்த ஊர் எந்த ஆளுக்கும் பொருந்தும், அதனால் பயனில்லை. இப்படி எழுதலாம்: "நைட் ஷிப்ட் முடிந்து அப்பா இறங்கும் ஸ்டாப். அடுத்த ஸ்டாப்பில் இறங்கினால் வீட்டுக்கு 5 நிமிஷம், இங்கே இறங்கினால் 12 நிமிஷம். டோல்கேட்டோடு ஒரு ஸ்டேஜ் முடிகிறது, அந்தக் காசு மிச்சம் என்று இங்கேயே இறங்குவார்." இப்போது இடப்பக்கத்தைப் பாருங்கள்: டோல்கேட் என்றால் சுங்கம் வசூலித்த இடம். காசு கொடுக்காமல் கடக்க முடியாத இடத்தின் பெயர் கொண்ட ஸ்டாப்பில், காசை மிச்சம் பிடிக்க ஒரு மனிதர் தினமும் இறங்கி நடந்திருக்கிறார். இரண்டு பக்கமும் தாமாகத் தொட்டுக்கொண்ட இடம் இது. அங்கே சிவப்பு மையில் ஒரு கோடு போடுங்கள். எல்லாப் பெயருக்கும் இது நடக்காது. ஐந்து வீட்டில் ஒன்றிரண்டில் நடந்தாலே நிறைவு. நடக்காததற்கு வலிந்து இழுக்காதீர்கள்.

கடைசி வரி வரவில்லை என்றால் பெரும்பாலும் நான்காவது வரி சரியில்லை. "சந்தோஷமாக விளையாடினோம்" என்று இருக்கும். என்ன விளையாட்டு, எந்தச் சுவரில் கரியால் ஸ்டம்ப் வரைந்தீர்கள், பந்து யார் வீட்டு மாடிக்குப் போனால் திரும்ப வராது என்று இறங்கி எழுதினால் கடைசி வரி வந்துவிடும்.

தப்பாகப் போகும் இடங்கள்

நல்லதை மட்டும் எழுதுவது முதல் தப்பு. மழைக்கு முட்டிவரை தண்ணீர் நின்ற வீடு, காலி செய்யச் சொன்ன வீடு, மணலிப் பக்கத்துக் காற்றில் மூக்கைப் பொத்திக்கொண்ட சாயங்காலம் எல்லாம் அந்தப் பெயரில்தான் சேரும்.

இரண்டாவது, மறைத்த பெயரைத் தவிர்ப்பது. வியாசர்பாடி என்று சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் முகம் மாறும் என்று பெரம்பூர் எனச் சொன்னவர்கள் ஏராளம். காசிமேட்டை ராயபுரம் என்று சொன்னவர்களும் அப்படித்தான். வண்ணாரப்பேட்டை என்ற பெயர் கும்பெனிக்காகத் துணி வெளுத்த மக்களின் உழைப்பில் இருந்து வந்தது. அந்தச் சொல்லையே ஏளனமாக உச்சரித்தவர்களையும் அந்தப் பேட்டைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காயம் உங்கள் பெயரில் இருந்தால் எழுதுங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பழைய ஆட்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1780-களின் பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடத்தில் இருந்து வளர்ந்தது அது. அந்தப் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்ட பிள்ளைகள் உண்டு. கஞ்சி ஊற்றியதில் என்ன கூச்சம் இருக்கிறது என்பதை அவர்கள் இப்போது எழுதிப் பார்க்கலாம்.

மூன்றாவது, அண்ணன் தங்கை சண்டை. "கிணறு இடதுபக்கம்", "இல்லை, வலது" என்று ஆரம்பித்து ஒரு ஞாயிறு போய்விடும். இரண்டையும் அவரவர் பெயரோடு எழுதிவிட்டு நகருங்கள். ஒரே வீட்டில் இருந்தாலும் வேறுவேறு வயதில் இருந்தீர்கள்.

பெயர் இல்லாத வீடுகள், இல்லாமல் போன வீடுகள்

கரையோரக் குடிசையில் இருந்து பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ மாற்றப்பட்டவர்களுக்கு முகவரி என்பது பிளாக் எண்ணும் கதவு எண்ணும். எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் வீட்டின் பெயரே 2004-இன் பேரிடர். இந்தப் பக்கங்களை எண் என்று விட்டுவிடாதீர்கள். எண்ணுக்கு அங்கிருப்பவர்கள் வைத்த பெயரை விசாரியுங்கள், ஏதாவது இருக்கும்: டேங்க் பிளாக், கோயில் பிளாக், முதலில் வந்து குடியேறிய அக்காவின் பெயர். பழைய இடத்தின் பெயரைப் புதிய இடத்தில் யார் எதற்குச் சூட்டியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். சங்கம், கிரிக்கெட் டீம், அம்மன் கோயில் பேனர் ஆகிய மூன்றிலும்தான் அது ஒளிந்திருக்கும்.

இடிந்துபோன வீட்டுக்குப் படம் இருக்காது. நினைவில் இருந்து தரைப்படம் வரையுங்கள். வாசலில் தொடங்கி, எத்தனை எட்டில் அடுப்படி என்று கால் கணக்கில் அளவு எழுதுங்கள். சென்டிமீட்டர் வேண்டாம். ஆறு வயதில் பத்து எட்டாக இருந்தது இன்று ஐந்துதான் வரும், அதனால் எந்த வயதுக் கால் என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் நோட்டைப் படம் எடுத்து வீட்டுக் குழுவில் போடும் முன், பதிவில் பேசிய பெரியவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் குறுக்கே பேசித் திருத்துவார். உங்கள் எழுத்தை அடிக்காமல், திருத்தத்தைப் பக்கத்திலேயே சிவப்பு மையில், அவர் சொன்ன வாய்மொழியிலேயே எழுதி, கீழே அவர் பெயரையும் அன்றைய தேதியையும் போடுங்கள்.